மனம் நடந்தால் கால் நடக்குமா?

மனிதனை எழுந்து நடக்க வைத்தது எது என்று கேட்டால், நெடுங்காலமாக அதற்கு ஒரே விடைதான் இருந்தது: தேவை. கிணற்றில் தண்ணீர் இருந்தது, அள்ளப் போனான். தோட்டத்தில் களை இருந்தது, குனிந்தான். பள்ளிக்கூடம் தூரத்தில் இருந்தது, நடந்தான். உடலை அசைப்பதற்கென்று தனியாக ஒரு நேரத்தை ஒதுக்கவேண்டும் என்று நம் பாட்டன்மாரிடம் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். இன்று தண்ணீர் குழாய் வழியே குசினிக்குள் வருகிறது. கடைக்குப் போக மோட்டார் சைக்கிள் நிற்கிறது. தேவை விலகிக்கொண்டது, உடல் உட்கார்ந்துவிட்டது.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டலில், வயதுவந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் வரை மிதமான உடலியக்கத்தில் ஈடுபடவேண்டும் என்றும், பாடசாலை வயதுப் பிள்ளைகளுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடங்கள் தேவை என்றும் கூறுகிறது. அதே நிறுவனம் 2024இல் வெளியிட்ட கணிப்பின்படி, 2022ஆம் ஆண்டில் உலகின் வயதுவந்தோரில் 31 வீதமானோர், அதாவது ஏறத்தாழ 180 கோடிப் பேர், போதிய அளவு உடலை அசைக்கவில்லை. நடப்பது நல்லது என்பதை அறியாதவர் அவர்களுள் எத்தனை பேர் இருக்கக்கூடும்? அறிவு இருக்கிறது. கால்தான் எழவில்லை.

இந்த இடைவெளியில்தான் உளவியலாளர்கள் ஒரு கருவியை எடுத்து வைக்கிறார்கள். வழிகாட்டி ஒருவர் மெல்லச் சொல்லச் சொல்ல, கேட்பவர் கண்ணை மூடித் தாம் நடப்பதை மனக்கண்ணில் காணவேண்டும். பாதையின் வளைவு, காலடியின் ஓசை, மூச்சின் வேகம், முடித்தபின் வரும் வியர்வை எல்லாவற்றையும் உள்ளத்தில் உணரவேண்டும். விளையாட்டு வீரர்களுக்கு இது புதிய விடயமல்ல. மனத்தின் அசைவு தசை வரை எட்டும் என்பதற்கும் சான்று உண்டு. 1992இல் யூ, கோல் என்னும் இரு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் ஒரு பரிசோதனையை வெளியிட்டனர். சுண்டுவிரலை நான்கு வாரங்கள் உண்மையாகவே பயிற்றியவர்களின் விரல் வலு 30 வீதத்தால் கூடியது. விரலை அசைக்காமல், அசைப்பதாக மனத்தால் மட்டும் பயின்றவர்களுக்கு 22 வீதத்தால் கூடியது.

சுண்டுவிரலுக்குச் சரி. முழு மனிதனுக்கு? இங்கே மருத்துவக் கேள்வியோடு ஓர் ஒழுக்கக் கேள்வியும் எழுகிறது. ஒருவருடைய மனத்துக்குள் ஒரு படத்தை வரைந்து, அதன் மூலம் அவருடைய காலை அசைப்பதற்கு இன்னொருவருக்கு என்ன உரிமை? அது எந்த எல்லை வரை உதவி, எந்த எல்லைக்கு அப்பால் ஏமாற்று? நாள்தோறும் பிள்ளைகளின் மனங்களுக்கு முன்னால் நிற்கும் ஆசிரியன் என்ற வகையில் இந்தக் கேள்வியைத் தள்ளிவிட்டுப் போக என்னால் முடியவில்லை.

யாழ்ப்பாணத்தவர்களுக்கு உடலியக்கத்தின் வரலாறு சற்று வேறானது. 1990களில் பொருளாதாரத் தடை காரணமாகக் குடாநாட்டுக்குள் பெற்றோல் கிடைப்பது அரிதாயிற்று. ஒருசில பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. மற்றெல்லோருக்கும் சைக்கிள்தான் கதி. ஆசிரியரும் உத்தியோகத்தரும் அதில்தான் போனார்கள். விறகும் மரக்கறி மூட்டையும் நோயாளியும் அதில்தான் போயின. மின்சாரம் இல்லாத இரவுகளில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் பிறந்த மின்சாரத்தில் வானொலி கேட்டார்கள். ஒரு செய்தி அறிக்கையைக் கேட்டு முடிப்பதற்கும் உடல் உழைக்கவேண்டியிருந்த காலம் அது.

அதைவிடக் கொடிய நடைகளும் உண்டு. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் சில மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றப்பட்டார்கள். அந்த மாதத்தில் வடக்கிலிருந்து துரத்தப்பட்ட நம் மக்களில் பலர் குழந்தையைத் தோளில் சுமந்து நெடுந்தூரம் நடந்தார்கள். சரியாக ஐந்து ஆண்டுகளின் பின், 1995இல் அதே ஒக்டோபர் 30ஆம் திகதி, நல்லூர் உட்பட வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஓரிரவில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு நடந்தார்கள். அந்த நடைகளை எந்த வைத்தியரும் உடற்பயிற்சி என்று எழுதமாட்டார். கால் முன்னே போனது. மனம் வீட்டு வாசலிலேயே நின்றுவிட்டது.

2009இல் போர் முடிந்து ஏ-9 பாதை முழுமையாகத் திறந்தபின், லீசிங்கில் மோட்டார் சைக்கிள்களும் ஓட்டோக்களும் வந்து இறங்கின. லுமாலாக்கள் தாழ்வாரத்தில் துருப்பிடித்தன. 2022இல் எரிபொருள் நெருக்கடி வந்தபோது அவற்றைத் தூசி தட்டி எடுத்தோம். சைக்கிள் விலை தாறுமாறாக ஏறியது. கியூஆர் அட்டை வந்து, வரிசை குறைந்து, பெற்றோல் தாராளமானதும் அவை திரும்பவும் தாழ்வாரத்துக்கே போயின. ஆண்டுக்கணக்கில் மிதித்த ஒரு சமூகத்துக்கு அந்த மிதிப்பு ஏன் வழக்கமாக ஒட்டவில்லை? கட்டாயத்தால் அசைந்த உடல், கட்டாயம் நீங்கியதும் அசைவதை நிறுத்திக்கொள்கிறது. அந்த அசைவில் நம் மனம் கையொப்பமிடவில்லை. பிரம்பைக் காட்டி மைதானத்தைச் சுற்றி ஓடவைக்கும் உடற்கல்விப் பாடத்துக்கும் இதே கதிதான். பிரம்பு மறைந்ததும் ஓட்டமும் மறைந்துவிடுகிறது.

ஆனால் நல்லூரில் ஆண்டுதோறும் வேறொரு காட்சியையும் காண்கிறோம். கந்தசுவாமி கோவில் திருவிழா 25 நாள். அந்நாட்களில் கோவிலைச் சுற்றியுள்ள வீதிகளில் வாகனங்களுக்குத் தடை. மற்ற நாட்களில் சந்திக் கடைக்குப் போகவும் மகனைக் கூப்பிடும் தாய்மார் வெறுங்காலுடன் வீதிவலம் வருகிறார்கள். ஆண்கள் மணலில் அங்கப்பிரதட்சணம் செய்கிறார்கள், பெண்கள் அடியழிக்கிறார்கள். இருபத்துநாலாம் நாள் தேர், மறுநாள் தீர்த்தம். அதன்பின் பாதை திறக்கிறது. அதே தாய்மார் மோட்டார் சைக்கிளின் பின்னிருக்கைக்குத் திரும்பிவிடுகிறார்கள். 

நம்மவர்களின் வாழ்விலும் இதற்கு நிகரான ஒன்று உண்டு. ஊரில் பள்ளிவாசல் வரை நடக்கவும் மூச்சு வாங்கும் முதியவர் ஹஜ்ஜுக்குப் போகிறார். கஃபாவை ஏழு முறை வலம் வருகிறார். பின் சஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே ஏழு தடவை நடக்கிறார். ஒரு தடவை ஏறத்தாழ 450 மீற்றர். கூட்டிப் பார்த்தால் மூன்று கிலோமீற்றருக்கும் மேல். நடக்கும்போது அவர் மனத்தில் ஒரு தாய் ஓடுகிறாள். தாகத்தால் அழும் குழந்தையைக் கிடத்திவிட்டுத் தண்ணீர் தேடி ஓடிய ஹாஜரா அம்மையார் அவர். அந்தப் படம் இல்லாவிட்டால் ஸஃயு வெறும் தூரம்தான்.

இரண்டு இடங்களிலும் பொதுவாக இருப்பவை எவை? உள்ளத்தில் ஒரு படம் இருக்கிறது. அந்தப் படத்தை நடப்பவரே தமதாக ஏற்றுக்கொண்டிருக்கிறார். பாதை நடப்பவருக்காக ஒழுங்கு செய்யப்பட்டிருக்கிறது. பக்கத்தில் இன்னொருவர் நடக்கிறார். ஊருக்கு வந்ததும் படம் மங்குகிறது, பாதை மாறுகிறது, துணை கலைகிறது, நடையும் நின்றுவிடுகிறது. ஆகவே மனப்படம் ஒரு பெரிய சக்தி என்பதையும், அது தனித்து நின்று வேலை செய்வதில்லை என்பதையும் நம் கண்முன்னே உள்ள வாழ்க்கையே சொல்லிவிடுகிறது.

இனி, ஆய்வுகள் சொல்வதைப் பார்ப்போம். ஜெர்மனியில் பிறந்த உளவியலாளர் கப்ரியேல் ஓட்டிங்கன், வாடன் என்பவரோடு சேர்ந்து 1991இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். உடல் எடையைக் குறைக்கும் ஓராண்டுத் திட்டத்தில் சேர்ந்த 25 பெண்களை அவர்கள் தொடர்ந்து கவனித்தனர். தம்மால் முடியும் என்று நம்பியவர்கள் கூடுதலாக எடை குறைந்தார்கள்; இதில் வியப்பில்லை. ஆனால் மெலிந்து அழகாகிவிட்டதாக இனிய பகற்கனவு கண்டவர்கள், அவ்வளவு இனிதாகக் கனவு காணாதவர்களைவிடச் சுமார் 11 கிலோ குறைவாகவே எடை இழந்திருந்தார்கள். நம்பிக்கை வேறு, கனவு வேறு. கனவில் போய்ச் சேர்ந்துவிட்டவனுக்குப் புறப்படவேண்டிய தேவை இருப்பதில்லை. அடைந்துவிட்ட நிறைவை மனம் முற்பணமாக வாங்கிக்கொள்கிறது. உடல் கடனாளியாக நிற்கிறது.

இதிலிருந்து ஓட்டிங்கன் வேறொரு முறையை வகுத்தார். முதலில் விரும்பும் நிலையை மனத்தில் காணவேண்டும். உடனே, அதற்குக் குறுக்கே தன்னிடமும் தன் வீட்டிலும் நிற்கும் தடையை அதே தெளிவோடு காணவேண்டும். பிறகு, 'இந்தத் தடை வந்தால் நான் இதைச் செய்வேன்' என்று ஒரு வாக்கியத்தைத் தனக்குத் தானே சொல்லிக்கொள்ளவேண்டும். இந்தக் கடைசிப் பகுதி பீற்றர் கோல்விற்சர் என்பவரின் பங்களிப்பு. 2009இல் இவர்கள் இருவரும் ஸ்டட்லர் என்பவரும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில் ஜெர்மனியைச் சேர்ந்த 256 பெண்கள், 30 முதல் 50 வயதுக்குட்பட்டவர்கள், பங்குகொண்டனர். இரு பிரிவினருக்கும் உடற்பயிற்சியின் நன்மைகள் சொல்லப்பட்டன. ஒரு பிரிவினருக்கு மட்டும் இந்த மனப்பயிற்சி கூடுதலாகக் கற்பிக்கப்பட்டது. அவர்கள் மற்றவர்களைவிட வாரத்துக்கு ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் கூடுதலாக உடலை இயக்கினார்கள். நான்கு மாதங்களின் பின்னும் அந்த வித்தியாசம் நிலைத்தது. 2002இல் மில்ன், ஓர்பெல், ஷீரன் ஆகியோர் வெளியிட்ட ஆய்வும் இதே திசையைக் காட்டியது. மாரடைப்பைப் பற்றி எச்சரித்து ஊக்கமூட்டப்பட்ட மாணவர்களில் பாதிக்கும் குறைவானோரே அடுத்த வாரத்தில் ஒருமுறையாவது உடற்பயிற்சி செய்தனர். அதே எச்சரிக்கையோடு, எந்த நாள், எந்த நேரம், எந்த இடம் என்றும் எழுதிக்கொண்டவர்களில் 91 வீதமானோர் செய்தனர்.

ஆய்வு சொல்வதை அப்படியே விழுங்கிவிடாமல் நம் ஒழுங்கையில் வைத்துப் பார்க்கவேண்டும். ஒருமுறை பெற்றோர் கூட்டம் முடிந்தபின், சலரோகத்துக்குக் கிளினிக் போய்வரும் சில தாய்மாரோடு இதைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தேன். கண்ணை மூடி, வீட்டுப் படலையிலிருந்து பிரதான வீதி வரை நடப்பதாக நினைக்கச் சொன்னேன். எல்லோரும் அமைதியாக இருந்தார்கள். கண்ணைத் திறந்ததும் ஒரு தாய் சொன்னார்: "சேர், கண்ணை மூடிப் போன றோட்டிலை நாய் இல்லை. எங்கடை ஒழுங்கையிலை அஞ்சு நாய் நிக்குது."

எல்லோரும் சிரித்தார்கள். "அப்ப நாயையும் சேர்த்து நினையுங்கோ அக்கா. நாய் நிண்டா என்ன செய்வியள்?" என்று கேட்டேன். அவர் சற்று யோசித்து, "மூலை வீட்டு மச்சாளைக் கூட்டிக்கொண்டு போவன். அவவிட்டைத் தடி இருக்கு" என்றார். பிறகு, ஆறு மணிக்குப் பின் தெருவிளக்கு இல்லை என்பதையும் அவரே சொன்னார். அதற்கு மட்டும் அவரிடம் விடை இல்லை. என்னிடமும் இல்லை. விடை பிரதேச சபையிடம் இருந்தது.

அந்தத் தாயின் பேச்சில், இந்தக் கருவி எப்போது நேர்மையானது என்பதற்கான மூன்று அளவுகோல்கள் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

முதலாவது, படத்தில் தடையும் இருக்கவேண்டும். நாய் இல்லாத ஒழுங்கையை ஒருவருக்குக் காட்டி, நடந்துவிட்ட சுகத்தை அவருக்கு ஊட்டி அனுப்புவது இனிப்பான பொய். தடையைச் சொன்னால் மனம் சோர்ந்துவிடாதா என்று கேட்கலாம். சிலவேளை சோரும். எட்ட முடியாத இலக்கை வைத்திருப்பவர் தடையை உள்ளபடி பார்த்ததும் அந்த இலக்கைக் கைவிடக்கூடும் என்பதை ஓட்டிங்கனின் ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. அதில் குற்றமில்லை. முழங்கால் தேய்ந்த மூதாட்டி நல்லூரைச் சுற்றி ஓடும் கனவைக் கைவிட்டு, முற்றத்தில் பத்து நிமிடம் நடக்கும் முடிவுக்கு வந்தால் அது தோல்வியாகாது. அவரை அந்த முடிவு வரை கூட்டிச்சென்று கைவிடாமல் நிற்பதுதான் வழிகாட்டியின் பொறுப்பு.

இரண்டாவது, படம் அவருடையதாக இருக்கவேண்டும். இன்று நம் பிள்ளைகளின் மனங்களுக்குள் படம் வரைய எத்தனையோ பேர் காத்திருக்கிறார்கள். கைத்தொலைபேசி எத்தனை அடி நடந்தாய் என்று கேட்கிறது. விளம்பரம் ஒல்லியான உடலை, வெளுத்த தோலைக் காட்டி, இதுதான் நீ ஆகவேண்டியவள் என்கிறது. அந்தப் படத்தை நம்பி ஓடும் பெண்பிள்ளை தன் உடலை வெறுத்துக்கொண்டே ஓடுகிறாள். அந்த ஓட்டம் எத்தனை கிலோமீற்றர் என்றாலும் அதில் நலம் இல்லை. 'எதற்காக நடக்க விரும்புகிறாய்?' என்று கேட்டுவிட்டு மௌனமாக இருப்பதே வழிகாட்டி செய்யக்கூடிய முதல் மரியாதை. பேரப்பிள்ளையைத் தூக்கவேண்டும் என்று ஒருவர் சொல்வார். குந்தி எழும்பித் தொழவேண்டும் என்று இன்னொருவர் சொல்வார். அந்த விடைகளை நாம் இட்டுக்கட்ட முடியாது.

நிய்யத் பற்றி நம் அறிஞர்கள் சொன்னதை இங்கே நினைவுகூரலாம். 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி, இஹ்யா உலூமுத்தீனில் நிய்யத்துக்கென்றே ஒரு பகுதியை ஒதுக்கியிருக்கிறார். நாவால் சொல்லிவிடுவது நிய்யத் ஆகிவிடாது, அது உள்ளத்தின் சாய்வு என்பது அவர் கருத்து. வயிறு நிறைந்தவன் தனக்குப் பசி வரட்டும் என்று சொல்லிக்கொள்வதால் பசி வந்துவிடுவதில்லை என்ற உவமையையும் அவர் தருகிறார். உள்ளத்தின் சாய்வு உள்ளிருந்து வருவது. வெளியிலிருந்து அதை ஒருவர் நினைவூட்டலாம், அது வளரச் சூழலை அமைக்கலாம். அவருக்காக இன்னொருவர் நிய்யத் வைக்க முடியாது. மனப்பயிற்சி நடத்துபவரின் உரிமையும் அந்த வாசலோடு நின்றுவிடுகிறது.

மூன்றாவது அளவுகோலே எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. சொல்லப்பட்ட தடைகளுக்கு வழிகாட்டியும் பொறுப்பேற்கவேண்டும். தடைகளில் சில மனத்துக்குள் இருப்பவை: சோம்பல், வெட்கம், நாளைக்குப் பார்ப்போம் என்ற எண்ணம். அவற்றை மனப்பயிற்சி வெல்லலாம். ஆனால் எரியாத தெருவிளக்கு மனத்துக்குள் இல்லை. பெண்பிள்ளைகள் விளையாட மைதானம் இல்லாதது மனத்துக்குள் இல்லை. தெருவில் தனியே நடக்கும் பெண்ணைப் பார்த்து ஊர் கேட்கும் 'எங்கை போறாய்?' என்ற கேள்வி அவளுடைய மனநோய் அல்ல. இவற்றையெல்லாம் அப்படியே விட்டுவிட்டு, 'கண்ணை மூடி நினையுங்கள், முடியும்' என்று சொன்னால் சமூகத்தின் கடனைத் தனிமனிதரின் தலையில் ஏற்றிவிடுகிறோம். பிறகு அவர் நடக்காதபோது, மனஉறுதி இல்லாதவர் என்று அவரையே குறைசொல்கிறோம். சின்ன வெங்காயத் தோட்டத்தில் பகல் முழுதும் குனிந்து நிமிர்ந்துவிட்டு வரும் கூலித் தாயிடம் உடற்பயிற்சி செய்யுங்கள் என்று சொல்வதும் இதே வகையான அநீதிதான். அவருக்குத் தேவையானது ஓய்வும் நல்ல உணவும்.

நல்லூர்த் திருவிழாவில் வீதியை மூடிக் கொடுக்கிறோம். ஆகவே நடப்பவருக்குப் பாதை ஒழுங்கு செய்ய ஓர் ஊருக்கு முடியும் என்பது நிரூபணமான விடயம். ஆண்டு முழுவதும் மூடச் சொல்லவில்லை. ஒரு மாலை வேளையில், ஒரு வீதியில், ஒரு மணித்தியாலம் பெண்களும் முதியவர்களும் பயமின்றி நடக்க ஏன் ஒழுங்கு செய்யக்கூடாது? நம் பள்ளிவாசல் நிர்வாகங்கள் தம் வளவை, சங்கங்கள் தம் மைதானத்தை, குறித்த நேரத்துக்குப் பெண்களுக்கென்று ஏன் திறந்துவிடக்கூடாது? மனப்பயிற்சியில் தாய்மார் எழுதிக் கொடுக்கும் தடைகளின் பட்டியலை ஒரு மனுவாக மாற்றிச் சபைக்குக் கொண்டுபோகும் ஆசிரியனே அந்தப் பயிற்சியை நடத்தத் தகுதி பெறுகிறான் என்பேன்.

பாடசாலையில் இல்ல மெய்வல்லுநர் போட்டிக்குச் சில வாரங்கள் முன்பிருந்து பிள்ளைகள் மைதானத்துக்கு வருவார்கள். வேகமாக ஓடுபவர்களுக்கு யாரும் எதையும் சொல்லத் தேவையில்லை. எல்லைக் கயிற்றுக்கு வெளியே, தம் இல்லத்துக்குக் கைதட்டுவதற்கென்றே பிறந்தவர்களைப்போல உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைப் பற்றித்தான் நான் பேசுகிறேன். அவர்களிடம் கிண்ணத்தை ஏந்தி நிற்பதுபோல் கற்பனை செய்யச் சொன்னால் அது பொய். கால் கடுக்கும், மூச்சு முட்டும், நண்பன் சிரிப்பான், அப்போது என்ன செய்வாய் என்று கேட்டால் அவர்கள் தலையை நிமிர்த்துகிறார்கள். உண்மையைக் கேட்பவனிடம் பிள்ளைகள் உண்மையையே சொல்வார்கள்.

மனம் நடந்தால் கால் நடக்குமா என்பதற்கு என் விடை இதுதான்: நடக்கும், மனம் உண்மையான பாதையில் நடந்தால். ஹாஜரா அம்மையார் தண்ணீரை நினைத்துக்கொண்டு குழந்தையருகே உட்கார்ந்திருக்கவில்லை. வெயிலும் மலையும் தெரிந்தே ஓடினார். ஸம்ஸம் அவர் ஓடிய இடத்தில் ஊறவில்லை, குழந்தையின் பக்கத்தில் ஊறியது. ஆனாலும் பல நூற்றாண்டுகளாக நாம் நினைவுகூர்ந்து நடப்பது அந்த ஓட்டத்தைத்தான். அந்த நடைபாதை இன்று நிழலும் தளமும் துணையும் கொண்டதாக இருக்கிறது. பின்வந்தவர்கள் அதை அப்படி அமைத்துக் கொடுத்தார்கள். நம் ஒழுங்கைகளில் நடக்க நினைக்கும் தாய்மாருக்கும் அவ்வளவு செய்துகொடுக்க நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.